குழாய்நீரும் கோன்முறையும்

சிலாங்கூர் மாநிலத்தின் வடகோடியில், சபாக் பெர்ணம் மாவட்டத்துக் கடலோரத் தாழ்நிலத்தில் அமைந்த சிற்றூர் சுங்கை ஆயர் தாவார். மலாய் மொழியில் 'சுங்கை' என்பது ஆறு. 'ஆயர்' என்பது நீர். 'தாவார்' என்பது உப்புக் கலவாதது. 'நன்னீராறு' என்று அவ்வூர்ப் பெயரைத் தமிழாக்கலாம். கடலுக்கு அணித்தான நிலத்தில் உப்பற்ற நீர் கிடைப்பது அருமை. எங்கும் எளிதிற் கிடைக்கும் பொருளை ஊர்ப்பெயராக யாரும் வைப்பதில்லை. அருமையானதே பெயராக நிலைக்கும். அவ்வகையில் அவ்வூர்ப் பெயரே ஒரு வரலாற்றுச் சான்று எனலாம்.

அவ்வூரிலிருந்து தெற்கே தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்சுந்தை என்று நீளும் தோட்டப் பகுதிகளில் நம்மவர் நான்கைந்து தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அவர்கள் குடித்த நீருக்கு யார் பொறுப்பு? தோட்டத் துரையா, மாநில அரசா, கூட்டரசா, தனியார் நிறுவனமா? நூறாண்டுக் காலத்தில் இவ்வினாவுக்கு நான்கு வேறு விடைகள் கூறப்பட்டன. அவ்விடைகள் மாறிய முறையையும், ஒவ்வொரு மாற்றத்திலும் மக்கள் பெற்றதையும் இழந்ததையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழர் கண்ட நெறி

நீரைக் காப்பது ஆட்சியின் கடமை என்னும் கருத்து தமிழர்க்குப் புதிதன்று. வள்ளுவர் கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பினை வைத்தார். புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு, நிலம் பள்ளமாகிய இடங்களில் நீரைத் தேக்குமாறு அறிவுரை கூறினார். வெற்றியும் புகழும் விரும்பும் வேந்தனுக்குப் புலவர் சொன்ன வழி நீர்நிலை அமைத்தலே என்பது கருதத்தக்கது.

கருத்தளவில் நில்லாமல் நிருவாக முறையாகவும் இது வளர்ந்தது. முதற் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 'ஏரி வாரியம்' என்னும் குழுவைக் குறிப்பிடுகின்றன. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஊர் ஏரியைக் கண்காணித்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்கு வரக்கூடாது என்பது அக்கல்வெட்டு கூறும் விதி. நீரைக் கையாள்வோர் கணக்குக் காட்ட வேண்டும் என்பதே அவ்விதியின் உயிர்நிலை. இக்கட்டுரை முழுமைக்கும் அவ்விதியை அளவுகோலாகக் கொள்வோம்.

தோட்டத்து நீர்

வட சிலாங்கூர் நிலம் இருவகைத் துன்பத்தை உடையது. கடலோரத்தில் உப்பு, உட்பகுதியில் சதுப்பு. ராஜா மூசா முதலிய சதுப்புக் காடுகளில் இலைதழைகள் மக்கிய மண்ணினூடே வரும் நீர் தேயிலைச் சாயம்போற் பழுத்த நிறமுடையது. காட்டை வெட்டி ரப்பரும் தென்னையும் பயிரிட வந்த தமிழ்த் தொழிலாளர்க்கு மழைநீரும் கிணற்று நீரும் வாய்க்கால் நீருமே துணையாயின. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களை வாரிக்கொண்டு போயின. கிள்ளானில் 1901ஆம் ஆண்டு மருத்துவப் பணியேற்ற மால்கம் வாட்சன் தேங்கிய நீரை வடித்து மலேரியாவை அடக்கிக் காட்டினார். நீரை முறைப்படுத்தினால் உயிரைக் காக்கலாம் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது.

குடியேற்ற ஆட்சியினர் இயற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், குறிப்பாக 1912, 1923ஆம் ஆண்டுகளின் சட்டங்கள், குடியிருப்பும் நீரும் மருத்துவமும் தருவதைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கின. அவ்வாறு செய்ததில் அருள்நோக்கம் மட்டும் இருந்ததெனக் கூற இயலாது. நோயால் ஆள் குறைந்தால் உற்பத்தி குறையும். இந்திய அரசாங்கமும் தொழிலாளர் நிலை குறித்து வினவும். ஆயினும், தனியார் ஒருவர் நீர் வழங்க, அரசு அதனைச் சட்டத்தால் கண்காணிக்கும் முறை நம் நாட்டில் தோட்டத்திலேயே வேரூன்றியது என்பதை மறுத்தற்கில்லை. தனியார்மயம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய புதுமை என்று நாம் எண்ணுகிறோம். லயத்து வாசலில் நின்ற பொதுக்குழாய் அதற்கு முன்பே தனியார் குழாயாக இருந்தது!

1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இம்முறையின் பலவீனம் வெளிப்பட்டது. தோட்டம் பல கைகளுக்குப் பிரிந்த இடங்களில் பலர் வேலையிழந்தனர். எஞ்சியோரின் வாழ்க்கை வசதிகளும் குன்றின. முதலாளியோடு பிணைந்த உரிமை, முதலாளி மறைந்தபோது தானும் மறைந்தது.

விடுதலைக்குப் பின்னர் 1966ஆம் ஆண்டிலும், அதற்கு மாற்றாக 1990ஆம் ஆண்டிலும் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 446ஆம் எண்ணுடைய 1990ஆம் ஆண்டுச் சட்டம், பொதுக் குழாய்த் தொடரிலிருந்து போதிய நீரை இலவசமாக வழங்குதல் முதலாளியின் கடமை என்கிறது. அவ்வாறு இயலாத இடத்தில் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநரின் எழுத்துவழி இசைவுடன் வேறு நீர்நிலைகளிலிருந்து நீர் பெறலாம் என்றும் இடமளிக்கிறது. சட்டம் நன்று. ஆனால் அது காப்பது யாரை? தோட்டத்தில் பணிபுரிந்து, தோட்டத்து வீட்டில் வாழ்பவரை. பணி நீங்கிப் பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தவுடன் அவர் நீர்க்கட்டணம் செலுத்தும் பயனீட்டாளர் ஆகிவிடுகிறார். அங்கே அவரைக் காக்க வேண்டியது வேறு சட்டம், வேறு அதிகாரி.

அரசுத் துறையிலிருந்து தனியார் கைக்கு

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பில் நீர் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்ட பொருளாகவே தொடக்கத்தில் வைக்கப்பட்டது. சிலாங்கூரில் மாநில நீர் விநியோகத் துறை அப்பணியை ஆற்றியது. தொழில்வளமும் மக்கட்பெருக்கமும் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓங்கியபோது அதன் தேவையை நிறைவு செய்ய வட சிலாங்கூரின் ஆறுகள் நாடப்பட்டன. சிலாங்கூர் ஆற்றின் மூன்று கட்டத் திட்டங்களுக்கான சுத்திகரிப்பு நிலையங்கள் புக்கிட் பாடோங், பத்தாங் பெர்சுந்தை வட்டாரத்தில் எழுந்தன. இப்பத்தாங் பெர்சுந்தையே 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. தோட்ட மக்களின் வாசலைக் கடந்து செல்லும் பெருங்குழாய்களில் தலைநகரத்தின் தாகம் தீர்க்கும் நீர் ஓடலாயிற்று.

இப்பெருந்திட்டங்களுக்கு வேண்டிய முதலீட்டைத் தனியாரிடம் பெறுவது என்பது அக்காலத்துக் கொள்கை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1989ஆம் ஆண்டு நீர் நிறுவனங்கள் தனியாருக்கு விற்கப்பட்டன. மணிலா நகரின் நீர் வழங்கல் 1997இல் இரு தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. உலகெங்கும் வீசிய அக்காற்று இங்கும் வீசியது. 1994ஆம் ஆண்டு பூஞ்சாக் நியாகா நிறுவனம் சிலாங்கூரின் பல சுத்திகரிப்பு நிலையங்களை இயக்கும் உரிமை பெற்றது. 1998ஆம் ஆண்டின் வறட்சியில் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் பங்கீட்டு நீருக்குக் காத்து நின்றனர். அவ்வச்சம் புதிய திட்டங்களை விரைவுபடுத்தியது. 2000ஆம் ஆண்டில் ஸ்பிளாஷ், அபாஸ் என்னும் வேறிரு நிறுவனங்களும் ஒப்பந்தம் செய்தன.

இங்கு ஒரு சிக்கல் முளைத்தது. சுத்திகரித்த நீரைத் தனியாரிடம் ஒப்பந்த விலைக்கு வாங்கி மக்களுக்கு விற்பது மாநிலத்தின் பணி. வாங்கும் விலையும் விற்கும் விலையும் இணங்கவில்லை. சுத்திகரித்த நீரில் நூற்றுக்கு நாற்பது விழுக்காட்டிற்கும் மேல் கசிவாலும் திருட்டாலும் அளவைப் பிழையாலும் வருவாய் தராது கழிந்தது. வாங்கிய நீருக்கெல்லாம் விலை கொடுக்க வேண்டும். விற்ற நீருக்கு மட்டுமே விலை கிடைக்கும். நிலுவை வளர்ந்தது. 2002இல் துறை ஒரு நிறுவனமாக மாற்றப்பட்டும் கடன் தீரவில்லை. இறுதியில் விநியோகமும் தனியார் கைக்குச் சென்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, 2005ஆம் ஆண்டு சனவரி முதல் சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய மூன்றிலும் நீர் விநியோகிக்கும் உரிமை சபாஸ் நிறுவனத்துக்கு முப்பதாண்டுகளுக்கு வழங்கப்பட்டது. அதன் பங்குகளில் 70 விழுக்காடு பூஞ்சாக் நியாகா குழுமத்திடம் இருந்தது; எஞ்சிய 30 விழுக்காடு மாநிலத்தின் சார்பில் இருந்தது.

இவ்வமைப்பை மாணவர்கள் நுணுகி நோக்க வேண்டும். நீரைச் சுத்திகரித்து விற்கும் குழுமமே, அந்நீரை வாங்கி விநியோகிக்கும் நிறுவனத்தின் பெரும்பங்கையும் வைத்திருந்தது. சந்தையில் வாங்குவோனும் விற்போனும் ஒருவனாயின் விலை பேச ஆளேது? நீர்க்குழாய் ஊருக்கு ஒன்றுதான்; விருப்பமில்லையேல் வேறு கடைக்குச் செல்லலாம் என்று குடிமகனிடம் கூற இயலாது. ஆகவேதான் இத்தகைய தொழிலில் போட்டியின் இடத்தைக் கண்காணிப்பு நிரப்ப வேண்டியுள்ளது.

ஒப்பந்தமும் சட்டமும்

அக்கண்காணிப்பு அப்பொழுது எங்கிருந்தது? ஒப்பந்தத்தில் இருந்தது. கட்டண உயர்வுகள் ஆண்டு குறித்து முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தன. நீரிழப்பைக் குறைத்தால்தான் உயர்வு என்னும் நிபந்தனையும் இருந்தது. அதன்படி 2006ஆம் ஆண்டு 15 விழுக்காடு உயர்வு நடைமுறைக்கு வந்தது. 2009ஆம் ஆண்டு 37 விழுக்காடு உயர்வு வரவிருந்தது.

ஒப்பந்தம் என்பது இருதரப்பார் தமக்குள் செய்துகொள்வது. குடிமகன் அதில் தரப்பினன் அல்லன்; அதன் வாசகத்தைக் காணவும் அவனுக்கு உரிமையில்லை என்பதே அன்றைய நிலை. மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும் பிறரும் அவ்வொப்பந்தத்தையும் கட்டண உயர்வுக்கு அடிப்படையான தணிக்கை அறிக்கையையும் வெளியிடுமாறு நீதிமன்றம் சென்றனர். உயர் நீதிமன்றம் 2010ஆம் ஆண்டு அவர்கட்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு அதனை மாற்றியது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. வழக்கின் முடிவினும் அது எழுப்பிய வினாவே பெரிது. கட்டணம் செலுத்துவோன் கணக்கைக் கேட்கலாகாதா? உத்தரமேரூர்க் கல்லில் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர் விடை பொறித்த வினாவன்றோ இது!

இதற்கிடையே கூட்டரசு வேறொரு வழியை வகுத்திருந்தது. 2005ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம், நீர் வழங்கலை மாநிலமும் கூட்டரசும் பகிரும் பொதுப்பட்டியலுக்குக் கொணர்ந்தது. 2006ஆம் ஆண்டு இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச்சேவை ஆணையத்தை நிறுவியது. மற்றொன்று நீர்ச்சேவைத் தொழில் சட்டம். இது 2008ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இதன்படி நீர்த்தொழில் நடத்துவோர் உரிமம் பெற வேண்டும். உரிம நிபந்தனைகளை மீறினால் தண்டனை உண்டு. தொழில்நுட்பத் தரமும் சேவைத் தரமும் ஆணையத்தின் மேற்பார்வைக்கு உட்பட்டவை. அணை, குழாய், நிலையம் ஆகிய சொத்துகளைக் கூட்டரசின் சொத்து மேலாண்மை நிறுவனம் ஏற்று, இயக்குவோருக்குக் குத்தகைக்கு விடும் வழியும் வகுக்கப்பட்டது. மூலதனச் சுமையை இயக்குவோர் தோளிலிருந்து இறக்கிவிட்டால், அது கட்டண உயர்வாக மக்கள் தோளில் உடனே ஏறாது என்பதே இதன் உட்கருத்து.

ஒப்பந்தத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு ஈண்டுத் தெளிவாகும். ஒப்பந்தம் முப்பதாண்டுக்கு எதிர்காலத்தைப் பூட்டி வைக்கிறது. சட்டம் காலத்துக்கேற்பத் திருத்தம் பெறுகிறது. ஒப்பந்தம் இருவருக்குள் மறைவாக நிற்கிறது. சட்டம் அனைவரும் படிக்கும் வண்ணம் வெளியில் நிற்கிறது. ஆயினும், சட்டம் வந்தவுடன் சிலாங்கூர் நிறுவனங்கள் அதன் முழுக் கட்டுக்குள் வந்துவிடவில்லை. பழைய ஒப்பந்தங்களின் அடிப்படையிலேயே அவை நீண்ட காலம் இயங்கின. புதிய வீட்டைக் கட்டி முடித்தும் பழைய வீட்டைக் காலி செய்யாதவர் நிலை அது.

இலவச நீரும் மீட்பும்

2008ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் சிலாங்கூரில் ஆட்சி மாறியது. மந்திரி புசார் டான் ஸ்ரீ காலிட் இப்ராகிம் தலைமையிலான அரசு, அவ்வாண்டு சூன் மாதம் முதல் வீட்டுப் பயனீட்டாளர்க்கு மாதந்தோறும் 20 கன மீட்டர் நீரை இலவசமாக்கியது. அன்றைய விகிதப்படி கன மீட்டருக்கு 57 காசு. ஆகவே ஒரு குடும்பத்துக்கு மாதம் 11 வெள்ளி 40 காசு மிச்சம். அத்தொகை சிறிதெனினும், குறைந்த வருவாயுடைய குடும்பத்துக்கு அது பொருளுடையது.

எனினும் நலத்திட்டங்கள் கணக்கு உடையவரையே முதலில் சென்றடையும் என்பது இதிலிருந்து நாம் கற்கும் பாடம். தனி மீட்டர் உள்ள வீட்டுக்குக் கழிவு எளிதிற் கிட்டும். பல வீடுகளுக்கு ஒரே மீட்டர் பொருத்திய அடுக்குமாடியிலும், நிருவாகத்தின் பெயரில் கணக்குள்ள தோட்டத்து லயத்திலும் வாழ்பவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அரசின் கை மீட்டர்வரை நீள்கிறது. மீட்டருக்கு அப்பால் உள்ள குழாயைத் தொட அதனால் இயலுவதில்லை. இலவச நீர் 2020ஆம் ஆண்டு மார்ச் முதல் குறைந்த வருவாயுடைய குடும்பங்களுக்கு என வரையறுக்கப்பட்டபோது, விண்ணப்பிக்க அறிந்தவரே பயன்பெறுவர் என்னும் நிலையும் சேர்ந்தது. படிவம் நிரப்பத் தெரியாத முதியவருக்கு உதவுதல் நம் ஆசிரியர்களும் மாணவர்களும் ஏற்கத்தக்க தொண்டாகும்.

2009ஆம் ஆண்டுக்குரிய 37 விழுக்காடு உயர்வுக்கு மாநில அரசு இசையவில்லை. நிறுவனம் இழப்பீடு கோரி வழக்காடியது. மாநிலமும் கூட்டரசும் வெவ்வேறு அணியினரின் ஆட்சியில் இருந்தமையால் பூசல் நீண்டது. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வறட்சி வந்தபோது அணைகளின் நீர்மட்டம் இறங்கியது. பல பகுதிகளில் பங்கீட்டு முறை நடைமுறையாயிற்று. இருதரப்பாரும் உடன்பாட்டை நோக்கி நகர்ந்தனர். 2015ஆம் ஆண்டு பூஞ்சாக் நியாகாவின் நீர் நிறுவனமும் சபாசும் மாநிலத்தின் ஆயர் சிலாங்கூர் நிறுவனத்தின் கைக்கு வந்தன. இறுதியாக ஸ்பிளாஷ் நிறுவனத்தை 255 கோடி வெள்ளிக்கு வாங்க 2018ஆம் ஆண்டு உடன்பாடு ஏற்பட்டு, மறு ஆண்டு நிறைவேறியது. 1994இல் தொடங்கிய சுற்று கால் நூற்றாண்டில் தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. ஆனால் திரும்பும் வழிக்குப் பெருந்தொகை செலவாயிற்று. அதனைச் செலுத்துவோர் இனிவரும் பயனீட்டாளரே.

ஆறு அறியாத எல்லைகள்

தனியார் கையிலிருந்து நீர் மீண்டுவிட்டது. இனிக் குறையில்லை என்று முடித்துவிடலாமா? 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் அதற்கு விடை தந்தது. ராவாங் அருகே கோங் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்து சிலாங்கூர் ஆற்றை அடைந்தது. சிலாங்கூர் ஆற்றின் மூன்று கட்ட நிலையங்களும் ரந்தாவ் பாஞ்சாங் நிலையமும் மூடப்பட்டன. சுமார் 12 இலட்சம் கணக்குகளுக்கு நீர் நின்றது. சிற்றாறு ஒன்றில் சிலர் கொட்டிய கழிவு, பெருநகரின் சமையலறைகளை அடைத்தது.

குழாயைக் கண்காணிப்பது ஸ்பான்; ஆற்றைக் கண்காணிப்பது மாநில நீர் மேலாண்மை வாரியம்; தொழிற்சாலைக் கழிவைக் கண்காணிப்பது சுற்றுச்சூழல் துறை; தொழில் நடத்த உரிமம் தருவது ஊராட்சி மன்றம். ஒவ்வொருவரும் தத்தம் எல்லையைக் காக்கின்றனர். ஆறோ எல்லை அறியாது ஓடுகிறது. அந்நிகழ்ச்சிக்குப் பின்னர் மாசுபடுத்துவோருக்கான தண்டனையை மாநிலம் கடுமையாக்கியது. அது வேண்டுவதே. எனினும், உடைமை அரசுடையதா தனியாருடையதா என்பதைவிட, காவல் விழித்திருக்கிறதா என்பதே முதன்மையான வினா என்பதை அந்நாள் உணர்த்திற்று.

இன்னொன்றும் உண்டு. அரசே உரிமையாளன், அரசே விலை வகுப்பவன், அரசே தண்டிப்பவன் எனில், வாங்குவோனும் விற்போனும் ஒருவனாயிருந்த பழைய குறை வேறு உருவில் திரும்பக்கூடும். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீபகற்ப மலேசியாவில் வீட்டு நீர்க்கட்டணம் உயர்த்தப்பட்டது. பழைய குழாய்களை மாற்றவும் புதிய நிலையங்கள் அமைக்கவும் பொருள் வேண்டும் என்பது உண்மை. நியாயமான கட்டணத்தை மக்கள் மறுப்பதில்லை. அவர்கள் கேட்பது கணக்கை. எத்துணைக் குழாய் மாற்றப்பட்டது, நீரிழப்பு எத்துணைக் குறைந்தது, குழாயில் வரும் நீரின் தரம் யாது என்பவற்றை ஊர்தோறும் தெரிவித்தல் அரசின் கடன். அவற்றைக் கேட்டறிதல் குடிமக்களின் கடன்.

முடிவுரை

தோட்ட முதலாளி, மாநிலத் துறை, தனியார் நிறுவனம், மாநில நிறுவனம் என நீரின் பொறுப்பு நான்கு கைகள் மாறியதைக் கண்டோம். முதலாளியின் கையில் இருந்தபோது உரிமை வேலையோடு கட்டுண்டது. துறையின் கையில் இருந்தபோது கடன் பெருகியது. தனியார் கையில் இருந்தபோது கணக்கு மறைந்தது. இன்று மீண்டும் பொதுக் கைக்கு வந்துள்ளது; இப்பொழுதேனும் கணக்கு வெளிப்பட வேண்டும்; மீட்டருக்கு அப்பால் வாழ்வோரையும் அது எண்ண வேண்டும்.

தோட்டங்கள் குறைந்து வருகின்றன. நம் முன்னோர் வெட்டிய வாய்க்கால்களும் நின்ற குழாயடிகளும் செம்பனையின் நிழலிலும் புதிய குடியிருப்புகளின் அடியிலும் மறைகின்றன. அவற்றின் வரலாற்றை எழுத வேண்டியவர்கள் நம் மாணவர்கள். தத்தம் பாட்டியிடம் சென்று, தோட்டத்தில் நீர் எங்கிருந்து வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, நிற்கும்போது யாரிடம் முறையிட்டனர் என்று கேட்டு எழுதட்டும். அரசு ஆவணங்களில் இல்லாத அந்தக் கணக்கு அவர்களிடமே உள்ளது. உப்பு நிலத்தின் நடுவே நன்னீரைக் கண்ட மகிழ்ச்சியை ஓர் ஊர் தன் பெயரில் காத்து வைத்திருக்கிறது. அந்நீரைக் காத்த வரலாற்றை நாம் ஏட்டில் காத்து வைப்போமாக.